கண்ணீர் கற்ற நீர்மகள்

மனிதப் பிறவி கிடைத்தற்கு அரியது என்று சாஸ்திரங்கள் கூறுகின்றன. மகான்களும் அவ்வாறே கூறுகின்றனர். தேவர்களுக்கும் வாய்க்காத ஒன்று மனிதனுக்கு வாய்த்திருக்கிறது என்பது அதன் கருத்து. அடிக்கடி கேட்டுப் பழகிவிட்ட காரணத்தால் இந்தக் கூற்றிலுள்ள வியப்பு நம் மனத்தில் தைப்பதில்லை. சற்று நின்று யோசித்தால் ஒரு கேள்வி எழும். பசியும் பிணியும் மூப்பும் பிரிவும் நிறைந்தது மனித வாழ்க்கை. இவை எதுவும் தீண்டாத, விளையாட்டையே வாழ்க்கையாகக் கொண்ட ஓர் உயிர் இருக்குமானால், அது மனித வாழ்க்கையைப் பார்த்து ஏன் ஏங்க வேண்டும்? அப்படி ஏங்கும் அளவிற்கு மனிதனிடம் இருப்பதுதான் என்ன?

இந்தக் கேள்வியை ஒரு கதையின் வாயிலாக எழுப்பியவர் ஜெர்மானிய எழுத்தாளர் ஃபூக்கே (1777-1843). பிரஷ்யப் படையில் அதிகாரியாகப் பணியாற்றியவர் அவர். 1811-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட சிறு நூல் 'உந்தீன்'. அலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நூலின் நாயகி ஒரு நீரரமகள், குழந்தை போன்றவள். அவள் மனித உலகிற்கு வந்து, அன்பு செய்யவும் அழவும் கற்றுக்கொள்வதே கதை. ஹாஃப்மன் என்ற கலைஞர் இதற்கு இசையமைக்க, 1816-இல் பெர்லினில் இது இசை நாடகமாக அரங்கேறியது. மேலோட்டமாகப் படிப்பவர்களுக்கு இது ஒரு மாயக் கதை. ஆழ்ந்து படிப்பவர்களுக்கோ, மனிதத் தன்மை என்பது எது என்ற விசாரணை.

ஆன்மா இல்லாத அழகிய உயிர்கள்

ஃபூக்கேயின் கற்பனைக்கு அடித்தளம் அமைத்துக் கொடுத்தவர் பாராசெல்சஸ் என்ற மருத்துவர். 1541-இல் மறைந்த இவர் எழுதிய ஒரு நூல் அவரது மறைவிற்குப் பின் 1566-இல் வெளிவந்தது. நீர், காற்று, நிலம், நெருப்பு ஆகிய ஒவ்வொரு பூதத்திலும் அதற்குரிய உயிர்கள் வாழ்கின்றன என்பது அந்த நூலின் பொருள். மீன் நீரில் மூச்சுவிடுவதைப் போல அவை தத்தம் பூதத்தில் இயல்பாக வாழ்கின்றன. உருவத்திலும் அறிவிலும் பேச்சிலும் மனிதர்களைப் போன்றவை. உண்ணும், உறங்கும், மணம் புரியும், இறக்கும். ஒன்றுதான் அவற்றிடம் இல்லை: ஆன்மா. ஆதலால் இறப்புடன் அவற்றின் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் நீரில் வாழும் பெண் ஒருத்தி மனிதனை மணந்துகொண்டால், அவளுக்கும் ஆன்மா கிடைத்துவிடும்.

இங்கே ஆன்மா என்ற சொல்லைக் கவனத்துடன் புரிந்துகொள்ள வேண்டும். வேதாந்தம் பேசும் ஆத்மா எல்லா உயிர்களிலும் நிறைந்தது. ஒன்றில் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை என்று சொல்ல இடமில்லாதது. பாராசெல்சஸும் ஃபூக்கேயும் குறிப்பிடுவது கிறிஸ்தவ மரபில் வரும் ஆன்மா. அது இறைவனால் தரப்படுவது. மரணத்திற்குப் பின்னும் நிலைப்பது. தன் செயல்களுக்காக இறைவன் முன் பதில் சொல்லக் கடமைப்பட்டது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் கதை நமக்கும் பயன்படும்.

மாசற்ற மனமும் நல்ல மனமும்

ஏரிக்குள் நீண்டு செல்லும் ஒரு நிலத்துண்டில் முதிய மீனவர் ஒருவரும் அவருடைய மனைவியும் குடிசை அமைத்து வாழ்ந்து வந்தனர். ஒருநாள் தாயின் கையிலிருந்து நழுவிய அவர்களின் பெண் குழந்தை ஏரியில் விழுந்து மறைந்துவிட்டது. பெற்றோர் துயரத்தில் மூழ்கியிருந்தபோது, மூன்று நான்கு வயதுள்ள ஓர் அழகிய பெண் குழந்தை, நீர் சொட்டும் ஆடையுடன் வாசலில் வந்து நின்று சிரித்தது. இறைவன் தந்த ஆறுதல் என்று எண்ணி இருவரும் அவளை வளர்த்தனர். அவளே உந்தீன்.

பதினெட்டு வயது ஆன பின்னும் அவள் குழந்தையாகவே இருந்தாள். விளையாட்டாக ஜன்னலில் தண்ணீரை வாரி இறைப்பாள். வளர்த்தவர் கடிந்துகொண்டால் கோபித்துக்கொண்டு இருளிலும் புயலிலும் ஓடிவிடுவாள். அந்த முதியவர் கண்ணீருடன் அவளைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே தேடுவார். அவர் படும் பாடு அவளுக்குத் தெரியாது. ஹுல்ட்பிராண்ட் என்ற இளம் வீரன் காட்டைக் கடந்து அங்கு வந்து சேர்கிறான். பெர்டால்டா என்ற பெண்ணின் பேச்சைக் கேட்டு அவன் அந்தக் காட்டிற்குள் நுழைந்ததாகச் சொன்னதும், உந்தீன் அவனது கையைக் கடித்துவிடுகிறாள். வெள்ளம் பெருகி, குடிசை இருக்கும் நிலம் தீவாகிவிடுகிறது. முதியவர்கள் கவலைப்படுகிறார்கள், வீரன் திரும்பிப் போக முடியாது என்பதால் அவளோ மகிழ்கிறாள்.

குழந்தை உள்ளம் தெய்வ உள்ளம் என்று சொல்வது வழக்கம். உந்தீனிடம் வஞ்சகம் இல்லை, பொய் இல்லை, பொருளாசை இல்லை. பிறரைத் துன்புறுத்த வேண்டும் என்ற எண்ணம் கனவிலும் இல்லை. எனினும் அவளால் பிறர் துன்புறுகிறார்கள். அது அவளுக்குத் தெரியவும் இல்லை. முதியவரின் கண்ணீர் அவளது பார்வையில் மழைநீரைப் போன்ற ஒன்று. கன்னத்தில் வழிகிறது, அவ்வளவுதான்.

ஒழுக்கவியல் இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காண வேண்டியிருக்கிறது. மாசு இல்லாத மனம் ஒன்று. நல்ல மனம் மற்றொன்று. தீமையை அறியாததால் தீமை செய்யாதிருப்பது முன்னது. தன் செயல் பிறரை எங்கே தொடும் என்று அறிந்து, அந்த அறிவினால் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது பின்னது. மலரிலும் அருவியிலும் மாசு இல்லை. அவற்றை ஒழுக்கமுள்ளவை என்று யாரும் பாராட்டுவதில்லை. தவறு செய்யக்கூடிய இடத்தில் நின்றுகொண்டு, செய்யாதிருப்பவனிடம்தான் அறம் பிறக்கிறது. பிறர் ஒருவர் நமக்கு உண்மையாகத் தோன்ற வேண்டும்; நமக்கு வலிப்பது போலவே அவருக்கும் வலிக்கும் என்பது உறைக்க வேண்டும். அதுவரை நாம் எவ்வளவு இனியவர்களாக இருந்தாலும் அருவியைப் போன்றவர்களே.

ஆன்மா என்னும் சுமை

புயலில் சிக்கிய ஹைல்மான் என்ற பாதிரியார் அந்தத் தீவில் கரையேறுகிறார். உந்தீனுக்கும் ஹுல்ட்பிராண்டுக்கும் திருமணம் செய்து வைக்கிறார். திருமணம் முடிந்த பிறகும் அவளது குறும்பு அடங்கவில்லை. ஆன்மாவைப் பற்றிப் பாதிரியார் அறிவுரை சொல்லத் தொடங்குகிறார். திடீரென்று அவள் அமைதியாகிறாள். ஆன்மா என்பது இனிமையான ஒன்றாக இருக்க வேண்டும், அதே வேளையில் அச்சம் தருவதாகவும் இருக்க வேண்டும் என்று சொல்கிறாள். அது இல்லாமலே இருந்துவிடுவது மேலோ என்றும் கேட்கிறாள். மிகவும் பாரமான ஒன்று தன்னை நெருங்கி வருவதை உணர்ந்து, இனம் தெரியாத துயரத்துடன் அழுகிறாள்.

மறுநாள் காலையில் எழுந்து வந்தவள் வேறொருத்தி. வளர்த்தவர்களின் காலடியில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். வீட்டு வேலைகளைத் தானே செய்கிறாள். யாருக்கு என்ன தேவை என்று முகம் பார்த்து அறிகிறாள். பின்னர்க் கணவனிடம் தன் பிறப்பின் ரகசியத்தைச் சொல்கிறாள். அவளுடைய தந்தை கடலில் வாழும் நீர்வேந்தர். தம் மகளுக்கு ஆன்மா கிடைக்க வேண்டும் என்று விரும்பி அவளை மனிதரிடம் அனுப்பியவர் அவரே. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இப்போது விரும்பினால் தன்னைக் கைவிட்டுவிடலாம் என்கிறாள். ஒருபோதும் கைவிடுவதில்லை என்று அவன் சத்தியம் செய்கிறான்.

ஆன்மா வந்ததும் அவளுக்குப் புதிய சக்திகள் எதுவும் கிடைத்துவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அழகு முன்பே இருந்தது. மாய ஆற்றல் முன்பே இருந்தது. புதிதாக வந்தது பொறுப்பு ஒன்றுதான். அதைத்தான் முதல் நாள் மாலையில் அவள் சுமை என்று உணர்ந்து நடுங்கினாள். அவளது நடுக்கம் சரியானதே. தனக்காக மட்டும் வாழ்பவனின் துன்பத்திற்கு ஓர் எல்லை உண்டு. பிறரை நேசிப்பவனின் துன்பத்திற்கு எல்லை ஏது? ஒரு குழந்தையைப் பெற்ற தாயிடம் கேட்டால் இதன் பொருள் புரியும். அவள் இழந்த உறக்கங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அந்தச் சுமையை யாராவது எடுத்துக்கொள்ள வந்தால் அவள் கொடுக்க மாட்டாள்.

நன்மை செய்யவும் கற்க வேண்டும்

உள்ளம் விழித்துக்கொண்டதும் எல்லாம் நேராகிவிடும் என்று ஃபூக்கே சொல்லவில்லை. கதையின் மிகச் சிறந்த நிகழ்ச்சி இனிமேல்தான் வருகிறது.

ஹுல்ட்பிராண்டுடன் நகரத்திற்கு வந்த உந்தீன், பெர்டால்டாவுடன் நட்புக் கொள்கிறாள். பெர்டால்டா ஒரு பிரபுவின் மாளிகையில் வளர்ப்பு மகளாகச் செல்வத்தில் வளர்ந்தவள். தன்னைப் பெற்றவர் யாரென்று அறியாதவள். அவள்தான் அன்று ஏரியில் மறைந்த மீனவரின் மகள் என்பது உந்தீனுக்குத் தெரிய வருகிறது. பெற்றோரைக் கண்டடைவதைவிடப் பெரிய மகிழ்ச்சி ஒரு பெண்ணுக்கு என்ன இருக்க முடியும்? பெர்டால்டாவின் விழா நாளில், விருந்தினர் நிறைந்த சபையில், ஆவலுடன் அந்த உண்மையை அறிவித்து முதிய மீனவரையும் மனைவியையும் முன்னே அழைத்து நிறுத்துகிறாள்.

நடந்தது வேறு. பெர்டால்டாவிற்கு அவமானம் பொறுக்கவில்லை. உந்தீன் பொய் சொல்கிறாள், பணம் கொடுத்து இவர்களை அழைத்து வந்திருக்கிறாள் என்று கூச்சலிடுகிறாள். உடலிலிருந்த அடையாளங்களால் உண்மை உறுதியாகிறது. வளர்த்தவர்கள் அவளது ஆணவத்தைக் கண்டு அவளைக் கைவிடுகிறார்கள்; பெற்றவர்களோ, இவளா நம் மகள் என்று மனமுடைகிறார்கள். ஒரே ஒரு சொல்லால் மூன்று குடும்பங்களின் அமைதி குலைந்துவிட்டது.

உந்தீன் சொன்னது உண்மை. சொன்ன நோக்கமும் நல்லது. தவறு எங்கே? பிறருடைய மனம் தன் மனத்தைப் போலவே இருக்கும் என்று அவள் எண்ணிவிட்டாள். அன்பு இருந்தால் மட்டும் போதாது. யாரிடம், எப்போது, எவ்வாறு சொல்வது என்ற விவேகமும் வேண்டும். நம் தர்ம நூல்கள் உண்மை பேசுவதைப் பெரும் தவமாகப் போற்றும்போதே, அது இனியதாகவும் நன்மை பயப்பதாகவும் இருக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்வதன் காரணம் இதுதான். சேவை செய்ய முன்வரும் ஒவ்வொருவரும் உந்தீனின் இந்த அனுபவத்தை நினைவில் கொள்வது நல்லது. உதவி பெறுபவரின் நிலையில் நின்று பார்க்காத உதவி, சில வேளைகளில் அவரைச் சபையில் தலைகுனிய வைத்துவிடுகிறது.

அதன் பிறகு அவள் செய்ததே அவளது பெருமை. தன்னைத் தூற்றியவளை, எல்லோரும் கைவிட்ட நிலையில், அழைத்துச் சென்று தன் கோட்டையிலேயே இடம் தருகிறாள். தன் நல்ல எண்ணத்தைச் சொல்லி விலகிக்கொள்ளாமல், தன் செயலின் விளைவையும் தானே ஏற்றுக்கொள்கிறாள்.

கிணற்றின் மீது வைத்த கல்

கோட்டையில் ஹுல்ட்பிராண்டின் மனம் சிறிது சிறிதாக உந்தீனை விட்டு விலகி, பெர்டால்டாவின் பக்கம் சாய்கிறது. உந்தீனின் உறவினனான கியூலபோர்ன் என்ற நீர்ப்பூதம் இதைக் கண்டு கொதிக்கிறான். முற்றத்துக் கிணற்றின் வழியாக வந்து பெர்டால்டாவை அச்சுறுத்துகிறான். அவனைத் தடுப்பதற்காக உந்தீன் ஒரு பெரிய கல்லைக் கொண்டு கிணற்றை மூடச் செய்கிறாள். தன் கணவனின் அன்பைப் பறித்துக்கொண்டிருப்பவளைக் காப்பாற்ற, தன் சொந்த உலகத்தின் வாயிலைத் தானே அடைத்துக்கொள்கிறாள். கணவனிடம் அவள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நீரின் அருகில் இருக்கும்போது தன்னைக் கடிந்து பேச வேண்டாம், பேசினால் நீருலகத்தார் தன்னைத் திரும்ப அழைத்துச் சென்றுவிடுவார்கள்.

டான்யூப் நதியில் படகுப் பயணம். பெர்டால்டாவின் கழுத்தணியை நீரிலிருந்து எழுந்த ஒரு கை பறித்துச் செல்கிறது. அதற்கு ஈடாக உந்தீன் நீரில் கைவிட்டுப் பவள மாலை ஒன்றை எடுத்து அன்புடன் நீட்டுகிறாள். கோபத்தில் ஹுல்ட்பிராண்ட் அதைப் பிடுங்கி எறிந்து, சூனியக்காரி என்று அவளைச் சபிக்கிறான். அழுதுகொண்டே அவள் நதியில் கரைந்து மறைகிறாள்.

முதலில் அவனும் துக்கப்பட்டான். பிறகு துக்கம் ஆறியது. பெர்டால்டாவை மணக்கத் துணிந்தான். பாதிரியார் ஹைல்மான் எச்சரித்தும் கேட்கவில்லை. அப்போது அவனுக்கு ஒரு கனவு. கடலின் அடியில் உந்தீன் அழுதுகொண்டிருக்கிறாள். பழைய நீருலகத்திற்கே வந்துவிட்ட பிறகும் அழுகை எதற்கு என்று கியூலபோர்ன் ஏளனம் செய்கிறான். நீரினடியில் வாழ்ந்தாலும் தன் ஆன்மாவைத் தன்னுடன் கொண்டு வந்திருப்பதாக அவள் பதில் சொல்கிறாள். இந்தக் கண்ணீர் எத்தகையது என்பது அவனுக்குப் புரியாது என்கிறாள்.

கதை முழுவதும் இந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது. அவளை மீண்டும் பழைய விளையாட்டுப் பிள்ளையாக மாற்றித் தருவதாக யாராவது சொல்லியிருந்தால் அவள் ஏற்றிருக்க மாட்டாள். அன்பு செய்தவன் கைவிட்டான். அன்பு செய்யும் தன்மை கைவிடவில்லை. முதல் நாள் மாலையில் எதைக் கண்டு அஞ்சினாளோ, அதையே இப்போது இழக்க முடியாத செல்வமாகக் கருதுகிறாள்.

முடிவு துயரமானது. திருமண நாளில் பெர்டால்டா, முகப்பொலிவிற்குக் கிணற்று நீர் வேண்டும் என்று கல்லை அகற்றச் செய்கிறாள். நீருலகத்தின் நியதிப்படி உந்தீன் எழுந்து வந்து, ஹுல்ட்பிராண்டைத் தழுவிக்கொண்டு அழுகிறாள். அந்தக் கண்ணீரிலேயே அவன் உயிர் பிரிகிறது. அவனை அடக்கம் செய்த இடத்தில் ஒரு சிற்றூற்று தோன்றி, கல்லறையைச் சுற்றி ஓடியது. கணவனை இன்னும் அணைத்திருப்பவள் உந்தீனே என்று அவ்வூர் மக்கள் நம்பினார்கள்.

ஆண்டர்சனின் மறுப்பு

இந்தக் கதையின் மையக் கருத்து டென்மார்க்கின் ஆண்டர்சனுக்கு உடன்பாடாக இல்லை. 'கடற்கன்னி' கதையை 1837-இல் அவர் வெளியிட்டார். அதே ஆண்டு பிப்ரவரியில் தம் நண்பரான கவிஞர் இங்கெமானுக்கு எழுதிய கடிதத்தில், ஓர் உயிர் ஆன்மாவைப் பெறுவது வேறொருவரின் அன்பைச் சார்ந்தது என்று ஃபூக்கே அமைத்திருப்பது தவறு என்று அவர் குறிப்பிட்டார். அப்படியானால் எல்லாம் தற்செயலைப் பொறுத்ததாகிவிடும் என்பது அவரது வாதம்.

ஆண்டர்சனின் கடற்கன்னியும் மனித உலகத்தைக் காணத் துடிக்கும் குழந்தைதான். தன் இனத்தவர் முந்நூறு ஆண்டுகள் வாழ்ந்து கடல் நுரையாகிவிடுவார்கள் என்று பாட்டி சொல்லக் கேட்டவள். தான் காப்பாற்றிய இளவரசனுக்காகவும் அழியாத ஆன்மாவிற்காகவும் குரலைக் கொடுத்துக் கால்களைப் பெறுகிறாள். ஒவ்வோர் அடியும் கத்தியின் மீது நடப்பது போல் வலிக்கிறது. இளவரசனோ வேறொருத்தியை மணக்கிறான். அவளுடைய சகோதரிகள் தங்கள் கூந்தலை விலையாகக் கொடுத்து ஒரு கத்தியைப் பெற்று வருகிறார்கள். விடிவதற்குள் இளவரசனைக் கொன்றால் அவள் மீண்டும் கடற்கன்னியாகி முந்நூறு ஆண்டுகளும் வாழலாம். உறங்கும் அவனருகில் கத்தியுடன் நிற்கிறாள், கை நடுங்குகிறது. கத்தியைக் கடலில் வீசிவிட்டுத் தானும் குதிக்கிறாள்.

நுரையாக வேண்டியவள் காற்றின் மகளிரிடையே எழுகிறாள். இனி முந்நூறு ஆண்டுகள் நற்செயல்கள் புரிந்து ஆன்மாவைத் தானே தேடிக்கொள்ளலாம் என்று அவர்கள் கூறுகிறார்கள். கடற்கன்னியருக்குக் கண்ணீர் கிடையாது. அதனாலேயே அவர்களின் துன்பம் பெரிது என்று கதையின் தொடக்கத்தில் ஆண்டர்சன் குறிப்பிட்டிருந்தார். இப்போது கதிரவனை நோக்கிக் கண்களை உயர்த்தியவள், முதன்முறையாகக் கண்ணீரை உணர்கிறாள். ஃபூக்கேயை மறுத்தவரும் ஆன்மாவின் அடையாளமாகக் கண்ணீரையே காட்டுகிறார் என்பது சிந்தனைக்குரியது.

பெறுவதா, விழிப்பதா?

ஆன்மா அன்பினால் அருளப்படுவது என்கிறார் ஃபூக்கே. செயலினால் ஈட்டப்படுவது என்கிறார் ஆண்டர்சன். வேதாந்தம் மூன்றாவது விடையைத் தருகிறது: அது பெறப்படுவதே அன்று, என்றும் உள்ளது. புதிதாகப் பெறப்படும் எதுவும் ஒருநாள் இழக்கப்படும். கிணறு தோண்டுபவன் நீரை உண்டாக்குவதில்லை, மண்ணை அகற்றுகிறான். அன்பும் நற்செயலும் அத்தகைய மண்வெட்டிகள். 'நான், எனது' என்ற மண்ணை அவை அகற்றுகின்றன.

இந்தப் பார்வையில் கதையைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். கடற்கன்னி கத்தியை வீசியபோது அவளுக்கு எந்த ஆன்மாவும் வாக்களிக்கப்படவில்லை. நுரையாகி அழிந்துவிடுவோம் என்றே எண்ணி அவள் அதைச் செய்தாள். ஆன்மா இல்லாத ஒன்று, தன் அழிவை ஏற்றுக்கொண்டு பிறரை வாழ வைக்குமா? அந்தக் கணத்திலேயே அவள் தேடியது அவளிடம் இருந்தது.

அப்படியானால் துன்பம்தான் மனிதனை உயர்த்துகிறதா? அவ்வாறு சொல்வது அவசர முடிவு. ஹுல்ட்பிராண்டும் துன்புற்றான்; பெர்டால்டாவும் அவமானப்பட்டாள். துன்பம் ஒருவனது சினத்தையும், மற்றொருத்தியின் பிடிவாதத்தையும் வளர்த்தது. பட்டினியும் நோயும் மனிதரைப் பண்படுத்தும் என்று சொல்லி, அவற்றைப் போக்காமல் இருப்பது பெரும் கொடுமை. உயர்த்துவது துன்பம் அன்று. பிறர் துன்பத்தைத் தன்னுடையதாக உணரும் திறன். தன் இழப்பிற்காகச் சிந்தும் கண்ணீர் விலங்கிற்கும் பொது எனலாம். தன்னைத் தூற்றியவளுக்காகக் கிணற்றை அடைக்கும் உள்ளம்தான் அரியது.

ஞானி இன்ப துன்பங்களில் கலங்காதவன் என்று படிக்கிறோமே, அவனுக்குக் கண்ணீர் உண்டா என்ற ஐயம் எழலாம். கீதையின் ஆறாம் அத்தியாயம் இதற்கு விடை தருகிறது. எல்லா உயிர்களின் இன்ப துன்பத்தையும் தன்னுடையது போலவே காண்பவனை மிகச் சிறந்த யோகி என்று அது கூறுகிறது. தன் துன்பத்தில் அசையாதவன் பிறர் துன்பத்தில் அசைகிறான். கல்லும் அசையாது, அவன் கல் அல்லன்.

காற்றணங்கு காட்டிய வழி

ஆன்மாவுடன் பிறந்த ஹுல்ட்பிராண்ட் அதைப் பயன்படுத்தாமலே போனான். ஆன்மா இன்றிப் பிறந்தவள் அதைக் கடைசிவரை காத்தாள். இந்த முரண்பாட்டை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஷேக்ஸ்பியர் வேறு வகையில் காட்டியிருக்கிறார். 1611-இல் லண்டனில் அரச சபையின் முன் நடிக்கப்பட்ட 'புயல்' என்ற நாடகத்தில் ஏரியல் என்ற காற்றணங்கு வருகிறது. சூனியக்காரி ஒருத்தியால் பைன் மரப் பிளவில் பன்னிரண்டு ஆண்டுகள் அடைபட்டிருந்த அதனை விடுவித்தவர் பிராஸ்பெரோ. குழந்தையைப் போல, தன்னிடம் அன்பு உண்டா என்று அவரிடம் அது கேட்கிறது. விடுதலை எப்போது என்றும் ஓயாமல் கேட்கிறது.

தம் நாட்டைப் பறித்த பகைவர்களைப் பிராஸ்பெரோ தம் பிடியில் கொண்டுவந்துவிடுகிறார். அவர்கள் சித்தம் கலங்கி நிற்கிறார்கள். அவர்களுடன் இருக்கும் நல்ல முதியவர் ஒருவரின் தாடியில் கண்ணீர் வழிகிறது. இதைப் பார்த்து வந்த ஏரியல், இப்போது அவர்களைக் கண்டால் உங்கள் மனம் இளகிவிடும் என்கிறது. நீ அப்படியா நினைக்கிறாய் என்று அவர் கேட்க, நான் மனிதனாக இருந்தால் என் மனம் இளகும் என்று விடை சொல்கிறது. வெறும் காற்றான ஒன்று இதை உணரும்போது, அவர்களைப் போலவே மனிதனாகப் பிறந்த தாம் உணராதிருக்கலாமா என்று பிராஸ்பெரோ நாணுகிறார். பழிவாங்குவதை விட்டு மன்னிக்கிறார்.

மனித உலகத்தைக் கற்க வந்த குழந்தை, மனிதனுக்கே அவனை நினைவூட்டிவிடுகிறது. மனிதனாகப் பிறந்துவிட்டோம் என்பதால் மட்டும் நாம் மனிதர்கள் ஆகிவிடுவதில்லை. ஒரு முதியவரின் கண்ணீர் நம் கண்ணில் படும்போது உள்ளே ஏதாவது நிகழ்கிறதா என்பதே சோதனை.

மீண்டும் குழந்தை

பிருஹதாரண்யக உபநிஷதத்தில் கஹோலர் கேட்ட கேள்விக்கு யாஜ்ஞவல்கியர் விடையளிக்கும் பகுதி ஒன்று உண்டு. கல்வியை முற்றும் கடந்தவன் 'பால்யத்தில்' நிலைபெற வேண்டும் என்று அங்கே கூறுகிறார். பால்யம் என்றால் குழந்தைத் தன்மை. குழந்தையைப் போல மனம் போனபடி நடப்பது என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா என்ற ஐயத்தைப் பிரம்ம சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்பது ஆசாரியர்களின் முடிவு. தன் பெருமையை வெளிக்காட்டாமை, கர்வமும் கபடமும் இன்மை, இவையே இங்குக் குழந்தைத் தன்மை.

ஆகவே குழந்தைமை இரண்டு வகை. பிறர் துன்பம் தெரியாததால் சிரிப்பது முதலாவது. ஜன்னலில் நீர் இறைத்த உந்தீனின் குழந்தைமை அது. பிறர் துன்பம் அனைத்தையும் அறிந்த பின்னும் 'நான்' என்பது எழாமல் இருப்பது இரண்டாவது. முன்னதிலிருந்து பின்னதற்கு நேர்வழி கிடையாது. இடையில் மனித வாழ்க்கை என்ற நீண்ட பாதை இருக்கிறது. பொறுப்பு, தவறு, மன்னிப்பு, பிரிவு அனைத்தும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. பாதையைத் தவிர்த்துவிட்டுப் பழைய ஏரிக்கரைக்குத் திரும்ப நினைப்பது வளர்ச்சி ஆகாது.

உந்தீன் ஆசைப்பட்டதும், கடற்கன்னி குரலை விற்றுத் தேடியதும், ஏரியல் 'மனிதனாக இருந்தால்' என்று சொன்னதும் ஒன்றையே. அது நமக்குக் கேளாமலே கிடைத்திருக்கிறது. இன்று நம் வீட்டிலோ தெருவிலோ யாரோ ஒருவரின் முகம் வாடியிருக்கும். அதைக் கண்டு நம் மனம் இளகி, கைகள் செயல்படுமானால், கிடைத்தற்கு அரிய இந்தப் பிறவி வீணாகவில்லை என்று நம்பலாம்.